பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறீர்களா? பேச்சுக்கு உதவும் இலக்கணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்னாவிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி மேலாளர், கோட்டயத்துச் செவிலியர், குஜராத்திலிருந்து வந்த மருமகள், ஒடிசாவிலிருந்து வந்து கட்டட வேலையில் மேற்பார்வை பார்ப்பவர், கொழும்பில் தமிழ் மக்களோடு பேசவேண்டிய சிங்கள அரசு ஊழியர். இவர்களுக்கெல்லாம் தமிழ் வேண்டும். இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் அல்ல. தமிழ் தெரியும் என்ற ஒரே தகுதியோடு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கும் நண்பர்கள், மாமியார்கள், தன்னார்வலர்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

சும்மா பேசப் பேசத் தானாக வந்துவிடாதா? இலக்கணம் எதற்கு?

குழந்தைக்கு வரும். வேலைக்குப் போய் வரும் பெரியவருக்குப் பாதிதான் வரும். தமிழில் யார், எப்போது, நடந்ததா நடக்கவில்லையா என்பதெல்லாம் வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. "வந்திருக்கமாட்டாங்க" என்ற ஒரே சொல்லுக்குள் ஆள், மரியாதை, காலம், மறுப்பு, ஊகம் ஐந்தும் இருக்கின்றன. பேச்சு வேகத்தில் இந்த வால் காதில் விழுவதே இல்லை. சொல் புரிந்தால் போதும் என்று மூளை அதைத் தாண்டிப் போய்விடும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கனடாவில் பிரெஞ்சு வழியில் பல ஆண்டுகள் படித்த, ஆங்கிலம் பேசும் குழந்தைகளை மெரில் ஸ்வெயின் ஆராய்ந்தார். கேட்டுப் புரிந்துகொள்வதில் அவர்கள் மிக நன்றாக இருந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் பின்தங்கியே இருந்தது. காதில் விழுந்தால் மட்டும் போதாது, வாயைத் திறந்து சரியாகச் சொல்லவேண்டிய கட்டாயமும் வேண்டும் என்று 1985-ல் எழுதினார். அப்புறம் 2000-ல் ஜான் நோரிஸும் லூர்தெஸ் ஒர்த்தெகாவும் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, விதியை வெளிப்படையாகச் சொல்லித்தரும் முறைக்கே கூடுதல் பலன் இருப்பதாகக் காட்டினார்கள். அந்த ஆய்வுகளில் பல, விதி தெரியுமா என்று சோதிக்கும் தேர்வுகளையே வைத்தன என்பதையும் அவர்களே சுட்டிக்காட்டினார்கள்.

ஆகவே இலக்கணம் வேண்டும். ஆனால் அது பாடத்திட்டத்தின் வரிசையில் வரக்கூடாது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் இன்று யாரிடம் என்ன சொல்லவேண்டியிருக்கிறது என்பதற்குப் பின்னால் வரவேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா? எதில் தொடங்குவது?

பேச்சில். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

"நான் வந்துகொண்டிருக்கிறேன்" என்று ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், அவர் கடைக்காரரிடம் அதைச் சொல்லும்போது கடைக்காரர் சிரிப்பார். அது கேலிச் சிரிப்பாக இல்லாமல் அன்பான சிரிப்பாகவே இருக்கலாம். ஆனாலும் முப்பது நாற்பது வயதுக்காரர் ஒருவர் நாலு முறை அப்படிச் சிரிக்கப்பட்டால் ஐந்தாவது முறை வாயைத் திறக்க மாட்டார். இன்னொரு பக்கம், தெருவில் யாரும் அவரிடம் "வருகிறீர்களா" என்று கேட்கப்போவதில்லை. "வரீங்களா" என்றுதான் கேட்பார்கள். கற்றது காதில் விழாது, காதில் விழுவது கற்றதாக இருக்காது.

எழுத்துத் தமிழைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். செய்தித்தாள், அரசு விண்ணப்பம், பிள்ளையின் பள்ளிச் சுற்றறிக்கை எல்லாம் அதில்தான் வருகின்றன. அலுவலக மொழித் தேர்வு எழுதவேண்டியவருக்கு அது சீக்கிரமே தேவைப்படும். பேச்சு ஓரளவு வந்தவருக்கு எழுத்து வடிவங்களைக் கற்பது சுலபம், ஏனென்றால் இரண்டுக்கும் நடுவில் ஒழுங்கான பாதை இருக்கிறது. அடுத்த கேள்வியில் அதைப் பார்க்கலாம்.

சிங்களம் பேசுபவர்களுக்கு இந்த இரட்டை வழக்கை விளக்கவே தேவையில்லை. அவர்கள் மொழியிலும் பேச்சும் எழுத்தும் தள்ளித்தான் நிற்கின்றன. "உங்க மொழி மாதிரியேதான்" என்றால் முடிந்தது.

பேச்சுத் தமிழுக்கு இலக்கணமே கிடையாதே, அது கொச்சைதானே?

இந்த எண்ணம்தான் நம் வகுப்புகளைக் கெடுக்கிறது. பேச்சுத் தமிழுக்கு முழுமையான இலக்கணம் உண்டு. நாம் விதி தெரியாமலே அதைக் கடைப்பிடிக்கிறோம்.

"படித்தேன்" பேச்சில் "படிச்சேன்" ஆகிறது, "சமைத்தேன்" "சமைச்சேன்" ஆகிறது. ஆனால் "எடுத்தேன்" "எடுச்சேன்" ஆவதில்லை. காரணம் என்ன? "த்த்" என்பதற்கு முன்னால் இகரமோ ஐகாரமோ இருந்தால்தான் அது "ச்ச்" ஆகும். அதே இடத்தில் "ந்த்" வந்தால் "ஞ்ச்" ஆகும்: தெரிந்தது – தெரிஞ்சுது, உடைந்தது – உடைஞ்சுது. "வந்தது" மட்டும் அப்படியே நிற்கும், முன்னால் இருப்பது அகரம்.

இன்னொன்று: "இடம்" என்பதை "எடம்" என்கிறோம், "உடம்பு" "ஒடம்பு" ஆகிறது, "விலை" "வெல" ஆகிறது. ஆனால் "இல்ல", "உண்மை" என்று சொல்லும்போது முதல் எழுத்து மாறுவதில்லை. அடுத்து ஒற்றை மெய்யும் அதன்பின் அகரமோ ஐகாரமோ வந்தால்தான் இந்த மாற்றம். அதனால்தான் குடம் கொடமாகும், குடி குடியாகவே இருக்கும். இதைக் கேட்டதும் கற்பவரின் முகம் தெளிவதைப் பார்க்கவேண்டும். இதுவரை தாறுமாறாகக் கேட்ட மொழிக்கு உள்ளே ஒழுங்கு இருக்கிறது என்று தெரிந்தால் பெரியவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

இது புதிய சிந்தனையும் அல்ல. வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் இத்தாலியப் பாதிரியார் பெஸ்கி, பொதுமக்கள் பேசும் தமிழுக்கென்றே லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அதைக் கொடுந்தமிழ் இலக்கணம் என்றார். 1728-ல் எழுதிய அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. செந்தமிழுக்கு வேறு இலக்கணம் எழுதினார். தமிழ் கற்க வரும் சக பாதிரியார்கள் முதலில் மக்களோடு பேசவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் காலத்தில் அமெரிக்க மொழியியலாளர் ஹெரால்ட் ஷிஃப்மன் பேச்சுத் தமிழுக்கு ஒரு முழு இலக்கணத்தை 1999-ல் வெளியிட்டார்.

முதல் பாடம் எதுவாக இருக்கவேண்டும்? "நான் மாணவன், அவன் ஆசிரியன்" என்றா?

வேண்டாம். தான் மாணவன் என்று யாரிடமும் போய்ச் சொல்லவேண்டிய நிலையில் உங்கள் மாணவர் இல்லை. அவருக்குத் தண்ணீர் வேண்டும், தலை வலிக்கிறது, வழி தெரியவில்லை.

நான்காம் வேற்றுமையில் தொடங்குங்கள். "எனக்கு" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள்:

எனக்குத் தண்ணி வேணும்.
எனக்குத் தமிழ் தெரியாது.
எனக்குப் புரியல.
எனக்கு இட்லி பிடிக்கும்.
எனக்குத் தலை வலிக்குது.
எனக்கு ரெண்டு பசங்க.
எனக்கு லீவு கிடைக்கல.
எனக்கு நேரம் இல்ல.

இவற்றில் எதிலும் வினை ஆளுக்கு ஏற்ப மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். "எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும்" என்று ஆள் மாறினாலும் "தெரியும்" அப்படியே நிற்கிறது. தமிழில் கற்பவர்களை மிரட்டுவது விகுதிகள்தான், அதாவது ஆளுக்கு ஏற்ப மாறும் அந்த வினை வால். அந்தத் தொல்லை இல்லாமலேயே தேவை, அறிவு, விருப்பம், உடல்நிலை, குடும்பம் ஆகிய ஐந்தையும் முதல் வாரத்தில் பேசிவிடலாம். கேள்வி கேட்க ஓர் "ஆ" போதும்: "உங்களுக்குத் தெரியுமா?" மறுப்பதற்கு "வேணாம்", "தெரியாது", "பிடிக்காது", "இல்ல".

நம் அண்டை மொழிக்காரர்களுக்கு இது ஏற்கெனவே பழக்கம். இந்திக்காரர் "முஜே பானீ சாஹியே" என்கிறார், மலையாளி "எனிக்கு வெள்ளம் வேணம்" என்கிறார், சிங்களவர் "மட்ட வத்துர ஓனே" என்கிறார். எல்லாம் "எனக்கு"தான். ஆங்கிலமோ ஐரோப்பிய மொழியோ மட்டும் தெரிந்தவர்கள்தான் "நான் தண்ணி வேணும்" என்று சொல்வார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பயிற்சி தேவை. இந்தியர்களுக்கு இதை ஆங்கிலம் வழியாக விளக்குவதுதான் வீண் சுற்று. அவர் தாய்மொழியில் இருக்கும் அதே அமைப்பைச் சுட்டிக்காட்டினால் ஒரு நிமிடம் போதும்.

ஒரே ஓர் எச்சரிக்கை: "முடியும்" இந்தக் கூட்டத்தில் சேராது. அதற்கு "என்னால". "எனக்கு முடியல" என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தமாகிவிடும்.

அதற்கு அடுத்து?

செய என்னும் வாய்பாட்டு எச்சம். பெயரைச் சொல்லவேண்டியதில்லை. வர, போக, சாப்பிட, எடுக்க, கேட்க. இதன் பின்னால் வருபவையும் பெரும்பாலும் ஆளுக்கு ஏற்ப மாறாதவை: போகணும், போகலாம், போகக்கூடாது, போக வேணாம், போக முடியாது. "நான் போகணும்", "நீங்க போகணும்", "அவங்க போகணும்". மறுபடியும் விகுதி இல்லாமலேயே கடமை, அனுமதி, தடை, இயலாமை எல்லாம் கைக்கு வந்துவிட்டன.

அதன் பிறகுதான் இறந்தகாலம். இங்கே பட்டியல் போட்டு வினைகளை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டும் ஆசை வரும். ஆசிரியருக்கு அந்தப் பட்டியல் உதவும், கற்பவருக்கு அது மலை. அதற்குப் பதில் ஒவ்வொரு வினையையும் மூன்று வடிவமாகச் சேர்த்தே கொடுங்கள்: வா – வர – வந்து. போ – போக – போய். எடு – எடுக்க – எடுத்து. கேளு – கேட்க – கேட்டு. நில்லு – நிக்க – நின்னு. செய் – செய்ய – செஞ்சு. மூன்றாவது வடிவம் தெரிந்தால் பெரும்பாலும் இறந்தகாலம் தானாக வரும்: எடுத்து – எடுத்தேன், நின்னு – நின்னேன். வேலைகளை அடுக்கிச் சொல்லவும் அதுவே போதும்: "கடைக்குப் போய், பால் வாங்கி, வீட்ல வச்சு, அப்புறம் ஆபீஸ் வந்தேன்." கடைசி வினைக்கு மட்டும்தான் விகுதி.

எந்த இடத்தில் இலக்கணப் பிழை உண்மையிலேயே ஆபத்தாகிறது?

மறுப்பில். சில மொழிக்காரர்களுக்கு ஒரு "இல்லை" போதும். நமக்கு ஒரு கூட்டமே இருக்கிறது.

செவிலியரை எடுத்துக்கொள்வோம். நாளைக் காலை அறுவைச் சிகிச்சை, நோயாளி எதுவும் சாப்பிடக்கூடாது. அவர் "காலையில சாப்பாடு வேணாம்" என்று சொன்னால், "பரவாயில்லம்மா, ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுக்கறேன்" என்று பதில் வரும். "சாப்பிட வேணாம்" என்றால் அவசியமில்லை என்ற மென்மையும் அதில் ஒட்டிக்கொள்கிறது. "சாப்பிடாதீங்க" என்றால் கேட்டுக்கொள்வது, கொஞ்சம் கண்டிப்பு. "எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணிகூட குடிக்கக்கூடாது" என்றால்தான் விதி என்று நோயாளிக்குப் புரியும். மருத்துவமனையில் வேலை பார்ப்பவருக்கு இந்த மூன்றின் வித்தியாசம் முதல் மாதத்திலேயே தேவை.

அதே போல "வரல", "வரமாட்டார்". "டாக்டர் வரல" என்றால் இன்னும் வரவில்லை, காத்திருக்கலாம். "டாக்டர் வரமாட்டார்" என்றால் வீட்டுக்குப் போகலாம். "வரல" என்பதில் காலம் இல்லை என்பதும் கற்பவர்களைக் குழப்பும். "நேத்து வரல", "இன்னிக்கு வரல" இரண்டும் சரி. "நாளைக்கு நான் வரல" என்றுகூடச் சொல்கிறோம், முடிவு எடுத்தாகிவிட்டது என்ற தொனியில். அஃறிணைக்கு "மாட்டாது" கிடையாது, "பஸ் வராது" என்று தனி வடிவம். "வந்ததே இல்ல" என்றால் ஒருமுறைகூட இல்லை.

இவற்றை ஒரே நாளில் கொட்டவேண்டாம். ஒரு சூழலுக்கு இரண்டாக எடுத்து எதிரெதிரே நிறுத்துங்கள். காத்திருப்பு அறைக்கு வரல, வரமாட்டார். நோயாளிக்கான அறிவுரைக்கு சாப்பிடாதீங்க, சாப்பிடக்கூடாது. பழக்கம் பற்றிப் பேச "நான் மீன் சாப்பிடமாட்டேன்", "நான் மீன் சாப்பிட்டதே இல்ல".

இதற்கு அடுத்தபடியாகச் சிக்கல் வருவது உடைஞ்சுது, உடைச்சேன் போன்ற ஜோடிகளில். "கண்ணாடி உடைஞ்சுது" என்பதற்கும் "கண்ணாடிய உடைச்சேன்" என்பதற்கும் நடுவில் ஒருவரின் சம்பளப் பிடித்தமே இருக்கலாம். நின்னுது, நிறுத்தினேன். திரும்புச்சு, திருப்பினேன். வேலையிடத்தில் விபத்தை விளக்கவேண்டியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

நீ, நீங்க இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாமா?

பேசுவதற்கு "நீங்க" மட்டும். வாங்க, சொல்லுங்க, உக்காருங்க. மூன்றாம் மனிதருக்கு "அவர்" அல்லது "அவங்க". "நீ", "வா", "அவன்" ஆகியவை கேட்டால் புரியவேண்டும், அவ்வளவுதான். குழந்தையிடமும் நெருங்கிய நண்பரிடமும் எப்போது "நீ" சொல்லலாம் என்பது பழகப் பழக வரும். ஒரு குழந்தையை "வாங்க" என்றால் கொஞ்சலாக எடுத்துக்கொள்வோம். அறுபது வயதுப் பெரியவரை "வா" என்றால் அந்தப் பேச்சே அங்கே முடிந்தது. அவசரத்தில் வாயில் வருவது பாதுகாப்பானதாக இருக்கட்டும்.

கூப்பிடும் முறையையும் இதோடு சேருங்கள். அண்ணா, அக்கா, ஐயா, அம்மா, சார், தம்பி. பெயர் சொல்லித் தொடங்கும் வாக்கியத்தைவிட "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று தொடங்குவது எளிது, காதுக்கும் இதம். விடைபெறும்போது "போறேன்" என்று சொல்லக்கூடாது, "போயிட்டு வரேன்" என்பதையும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடலாம். முழு வாக்கியமாக மனப்பாடம் செய்யட்டும். "போய்விட்டு" எப்படி "போயிட்டு" ஆனது என்பதெல்லாம் பிறகு.

நாம, நாங்க வித்தியாசத்தை எப்படிப் புரியவைப்பது?

யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தெலுங்கு, மலையாளம், மராத்தி, குஜராத்தி பேசுபவர்களுக்கு இந்த வேறுபாடு தாய்மொழியிலேயே இருக்கிறது. இந்தி, வங்காளம், கன்னடம், ஆங்கிலம் பேசுபவர்களுக்குத்தான் புதிது. விருந்தாளியை எதிரில் வைத்துக்கொண்டு "நாங்க சாப்பிடப் போறோம்" என்று சொல்லிக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

கற்பவரின் தாய்மொழி வேறு இடங்களிலும் எட்டிப் பார்க்கும். மலையாளத்திலும் பேச்சுச் சிங்களத்திலும் வினை ஆளுக்கு ஏற்ப மாறுவதில்லை. அதனால் அவர்கள் விகுதியை விட்டுவிடுவார்கள். சோம்பல் என்று நினைக்காதீர்கள்.

வேற்றுமை, எச்சம் என்ற சொற்களைப் பயன்படுத்தலாமா?

கேட்டால் சொல்லுங்கள். பொறியாளர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள் பெயர் கேட்பார்கள், பெயர் கிடைத்தால் நினைவில் வைப்பார்கள். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவரிடம் "'எனக்கு' மாதிரி வார்த்தை" என்று சொன்னாலே போதும். விளக்கம் எதுவானாலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டவேண்டாம். ஒற்று மிகுமா மிகாதா என்பதைப் பேச்சுப் பாடத்தில் தொடவே வேண்டாம்.

ஒரு வகுப்பை எப்படி நடத்துவது? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் குழாய் ஒழுகுகிறது, வீட்டு ஓனருக்குப் போன் போடவேண்டும். ராஜஸ்தானிலிருந்து வந்த ஒருவர் கற்பவர் என்று வைத்துக்கொள்வோம்.

எதையும் சொல்லிக்கொடுக்காமல் முதலில் பேசச் சொல்லுங்கள். நீங்கள்தான் ஓனர். அவர் தட்டுத் தடுமாறி, "சார், பாத்ரூம் டேப் தண்ணி… எப்பவும் தண்ணி. நேத்து. ஆள் வேணும்" என்பார். இடையில் திருத்தாதீர்கள். காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த முதல் முயற்சி மிக முக்கியம். தனக்கு எது இல்லை என்று அவரே உணர்ந்த பிறகுதான் நீங்கள் கொடுப்பது அவருக்குள் ஒட்டும்.

இப்போது அவருக்கு மூன்று தேவை: "ஒழுகுது", "நேத்துல இருந்து", "ஆள் அனுப்ப முடியுமா?" முதல் இரண்டையும் சொல்லாகவே கொடுத்துவிடுங்கள். மூன்றாவதை மட்டும் இன்றைய இலக்கணமாக எடுங்கள். எதிரில் இருப்பவர் செய்யவேண்டும் என்றால் "முடியுமா": அனுப்ப முடியுமா, பார்க்க முடியுமா. நான் செய்ய அனுமதி வேண்டும் என்றால் "லாமா": வாடகைய பத்தாம் தேதி குடுக்கலாமா, ஆணி அடிக்கலாமா, விருந்தாளி தங்கலாமா. அவர் வாழ்க்கையிலிருந்தே ஆறேழு கோரிக்கைகளைக் கேட்டு வாங்கி, எது எதில் சேரும் என்று அவரையே பிரிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அதே போன் உரையாடல் மறுபடியும். இந்த முறை நீங்கள் கொஞ்சம் முரண்டு பிடியுங்கள்: "நான் ஊர்ல இல்லயே", "போன மாசம்தானே மாத்தினோம்?" மூன்றாவது முறை உங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பேசட்டும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாதபடி. ஒரே உரையாடலைத் திரும்பச் செய்வது அலுப்பூட்டும் என்று நாம்தான் பயப்படுகிறோம். பெரியவர்களுக்கு அது பிடிக்கும். முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் உள்ள வித்தியாசம் அவர்கள் காதிலேயே விழுகிறது.

வீட்டுப்பாடம்: உண்மையான ஓனருக்கு உண்மையான போன்.

தவறுகளைத் திருத்தவேண்டுமா?

எல்லாவற்றையும் இல்லை. "நான் பசிக்கிறேன்" என்றால் யாருக்கும் குழப்பம் வராது, வகுப்பு முடிவில் சொல்லிக்கொள்ளலாம். "அவர் எனக்குக் குடுத்தேன்" என்றால் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதே தெரியவில்லை. அங்கேயே நிறுத்துங்கள்.

எப்படி நிறுத்துவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் சரியான வாக்கியத்தை நாமே சொல்லிவிடுவோம்: "ஓ, அவர் உங்களுக்குக் குடுத்தாரா!" ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பதிவுசெய்து 1997-ல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55 சதவீதம் இந்த வகைதான். மாணவர்கள் கண்டுகொள்ளாமல் போனதும் இதையே அதிகம். திருத்தம் என்று தெரியாமல், ஆசிரியர் ஆமோதிக்கிறார் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது சிறுவர் வகுப்பு. ஆனால் மாலை நேரத் தமிழ் வகுப்பிலும் இதையே பார்க்கலாம். அதைவிட, "யார் யாருக்குக் குடுத்தாங்க?" என்று உண்மையாகவே புரியாதவர் போலக் கேளுங்கள். ஐந்து விநாடி பொறுங்கள். பெரும்பாலும் அவரே சரிசெய்துகொள்வார். அவருக்கு வரவில்லை என்றால் அப்போது சொல்லுங்கள், திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

வகுப்பில் நன்றாகப் பேசுகிறார், வெளியே போனால் யாரும் அவரோடு தமிழில் பேசமாட்டேன் என்கிறார்களே?

இது கற்பவரின் குறை அல்ல, நம்முடையது. எதிரில் இருப்பவர் ஒரு நொடி தயங்கினாலும் நாம் உதவி செய்வதாக நினைத்து ஆங்கிலத்துக்கோ, தெரிந்த அரைகுறை இந்திக்கோ தாவிவிடுகிறோம். அவர் உயிரைக் கொடுத்துக் கட்டிய வாக்கியத்துக்கு வேறு மொழியில் பதில் வரும். பத்து ஆண்டுகள் சென்னையில் இருந்தும் தமிழ் வராதவர்களைப் பற்றிக் கோபப்படும் நாம், அவர்களுக்கு எத்தனை முறை தமிழில் பதில் சொன்னோம் என்று யோசிக்கவேண்டும்.

ஆகவே இதையும் பாடத்தில் வையுங்கள். "தமிழ்லயே சொல்லுங்க, நான் கத்துக்கறேன்", "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க", "இன்னொரு தடவ சொல்றீங்களா?", "அதுக்குத் தமிழ்ல என்ன சொல்வாங்க?" இந்த நாலும் சுவாசம் போல வரவேண்டும். வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரம் தமிழ் மட்டும் என்று மருமகளின் வீட்டார் ஒத்துக்கொண்டால், வாரம் இரண்டு வகுப்பை விட அது பெரிது. அலுவலகத்தில் ஒரே ஒரு சக ஊழியர் பொறுமையாகக் கிடைத்தாலும் போதும்.

எழுத்து எப்போது?

அவர் பார்க்கும் இடத்திலிருந்து: பேருந்துப் பலகை, கடைப் பெயர், மருந்துச் சீட்டு. 247 எழுத்து என்று பயமுறுத்தாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216-ம் சேர்க்கைதான். கற்பவருக்கு உண்மையான சிரமம் "ப" என்பது பழத்தில் ஒரு மாதிரியும் அன்பில் வேறு மாதிரியும் ஒலிப்பது. மெல்லினத்துக்குப் பின்னால் ஒலி மென்மையாகும் என்ற ஒரு விதியைக் கொடுங்கள்.

எந்த வட்டார வழக்கைச் சொல்லிக்கொடுப்பது?

அவர் வாழும் ஊரின் வழக்கை. மதுரையில் இருப்பவர் "வந்துக்கிட்டு இருக்கேன்" என்று பேசட்டும். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு "நான் வாறன்" தேவை, "வரேன்" அல்ல. மற்ற வழக்குகளைக் காதுக்கு மட்டும் அவ்வப்போது காட்டினால் போதும்.

எவ்வளவு காலம் ஆகும்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தூதரக அதிகாரிகளுக்குத் தமிழில் பணித் தேர்ச்சி வர 44 வாரம், சுமார் 1100 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. மைசூரில் 1969-ல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் வேற்று மாநில ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் படிப்பு 10 மாதம். இவை முழுநேரப் படிப்புகள்.

வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்குபவரை இதோடு ஒப்பிட்டுச் சோர்ந்துபோகச் செய்யாதீர்கள். அவருக்கு எல்லாத் தமிழும் தேவையில்லை, அவருடைய தமிழ் தேவை. தென்னிந்தியரானால் சில மாதங்களில் கடை, பேருந்து, அலுவலகம் சமாளித்துவிடுவார்.

தேர்ச்சி பெற்றாரா என்று எப்படிச் சோதிப்பது?

கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி அல்ல. அவர் செய்யவேண்டிய காரியத்தைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். செவிலியர் என்றால், நீங்கள் நோயாளியாக உட்கார்ந்து அறிவுரை கேளுங்கள், பிறகு அவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டதை அவர் கவனித்துத் திருத்துகிறாரா என்று பாருங்கள். மேற்பார்வையாளர் என்றால் ஒரு கட்டு வேலையை நீங்கள் செய்யும்படி வாயாலேயே சொல்லட்டும், கையால் காட்டாமல். இரண்டு நிமிடப் பேச்சைப் போனில் பதிவுசெய்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே காரியத்தை மறுபடி செய்யச் சொல்லி இரண்டையும் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். எங்கே விகுதி சரியானது, எங்கே இன்னும் "நேத்து வரேன்" என்கிறார் என்பதை அவரே சொல்வார். அடுத்த மூன்று மாதப் பாடத்தை அதிலிருந்து எழுதிக்கொள்ளலாம்.